கிளட்ச் மேல் இரண்டு விரல்

கல்லணைக்குப் பிறகு தஞ்சாவூர்ச் சீமையில் பாய்ச்சலை ஒழுங்காகத் திருப்பிவிட்ட கட்டுமானம் தன்னுடைய பைக் சிலிண்டர் ஒன்றுதான் என்று எல்வின் அறிவித்தான். அறிவித்த இடம் கல்லூரி கேன்டீன். கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் பரோட்டாவுக்காகக் காத்திருந்தவன். எல்வின் சிரிக்கவில்லை. இடையில் போன இரண்டாயிரம் வருடத்தையும் ஒரு கையசைப்பில் ஒதுக்கினான். நடுவே நடந்ததெல்லாம் தூர்வாரும் வேலையாம்.

அவன் சொன்னதில் விஷயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது மடைப் பலகை மாதிரி அவற்றைத் திறந்து மூடும். புகை போகிற மடையை ஒரு நூல் உயர்த்தினால் எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும். இன்னொரு நூல் உயர்த்தினால் மெதுவாகப் போகும்போது இழுவை இல்லாமல் முனகும். சைலன்சரின் வயிற்றைச் சரியாக அமைத்துவிட்டால், வெளியே நழுவப் பார்க்கிற பெட்ரோலை ஓர் அலை எதிரே வந்து உள்ளே தள்ளிவிடும், முகத்துவாரத்தில் கடல் ஏறி ஆற்றைத் தள்ளுகிற மாதிரி. இத்தனையையும் எல்வின் ஒரு பழைய நூறு சிசி வண்டியில் செய்து முடித்திருந்தான். அவனுடைய அப்பா பெரியநாயகசாமி வயலுக்கு மருந்தடிக்கும் மிஷினை வைத்திருக்கிற ஷெட்டில், மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு, அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான். இதற்கு முந்தைய இரண்டு சிலிண்டர்கள் இந்த ஆராய்ச்சியில் உயிரை விட்டிருந்தன.

ஓட்ட மட்டும் அவனுக்கு வரவில்லை. ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். வண்டியோடு வாய்க்காலில் இறங்கினான். அதை வாட்டர் கூலிங் சோதனை என்று விளக்கினான். அன்றிலிருந்து ஓட்டுவது ஷீபா. அவன் அத்தை மகள், நர்சிங் படிக்கிறவள், புழுதிப் பந்தயம் என்று எந்த ஊரில் கோடு போட்டாலும் போய் நிற்பாள். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அவள் முகத்தில் ஊசி போடும்போது இருக்கிற அதே அமைதிதான் இருக்கும்.

இப்படி ஒரு ஆளை யாரும் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். எல்வினின் வகுப்புத் தோழன் ரஞ்சித்தும் அதே மாதிரி வண்டி வைத்திருந்தான். வேதாரண்யத்துப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். தன்னைப் பற்றி அவனுக்கும் குறைந்த அபிப்பிராயம் இல்லை. அவன் எஞ்சின் எல்வினுடையதைவிட மெதுவாக ஓடும், இரண்டு மடங்கு புகைவிடும், ஆனால் எந்தப் பந்தயத்திலும் வழியில் நின்றதில்லை. எல்வின் அதற்குக் கொசுமருந்து வண்டி என்று பெயர் வைத்திருந்தான். அந்தக் கொசுமருந்து வண்டியை ஓட்டித் தரமுடியுமா என்று ரஞ்சித் ஷீபாவிடம் கேட்டுவிட்டான். ஷீபா மறைக்காமல் எல்வினிடம் வந்து சொன்னாள்.

"பொங்கல் முடிஞ்சு வேதாரண்யத்துல நடக்கிறதுக்கு உன் வண்டிதான். ஆனா நடுவுல நின்னுச்சுன்னா அதுக்கப்பறம் ரஞ்சித்தோடது. ஓட்ட ஆரம்பிச்சதை முடிக்கணும்டா எனக்கு."

அன்றிலிருந்து எல்வினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷீபா இல்லாவிட்டால் அவன் வெறும் ராவிய சிலிண்டர் வைத்திருக்கும் ஆள். அப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்; அவர்கள் கதையை யாரும் கேட்பதில்லை.

அவன் ஜெட்டில் கைவைத்தான். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் துண்டு. அதன் ஓட்டை எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல் போகும். ஓட்டையைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஒரு கட்டம் வரை எஞ்சின் சுறுசுறுப்பாகும். சரியா என்று பார்க்க, முழு வேகத்தில் போய் ஒரே நேரத்தில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். கும்பகோணத்து டிகிரி காபி நிறம் வந்தால் சரி. டிகாஷன் தூக்கலாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பால் தூக்கலாக இருந்தால் பெட்ரோல் குறைவு. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் வீங்கி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

சோதனை செய்யக் கிடைத்தது ஆற்றங்கரை ரோடு ஒன்றுதான். சம்பா அறுவடை நேரம். காலையிலும் சாயங்காலமும் அதில் அறுவடை மிஷினும் நெல் லாரியும் டிராக்டரும் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஊரும். மிஷின் டிரைவர்கள் உச்சிவெயிலில் புளியமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் மட்டும் ரோடு காலியாக இருக்கும். ஷீபா அப்போதுதான் பறப்பாள். எல்வின் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டுவான், இன்னும் சின்ன ஜெட் போடுவான்.

"தினம் கொஞ்சம் பால் ஊத்திக்கிட்டே போறே" என்றாள் ஷீபா ஒரு நாள், பிளக்கைப் பார்த்து.

அது பந்தய காபி என்றான் எல்வின்.

அவனைத் தொந்தரவு செய்தது அவளுடைய இடது கை. நேர்ரோட்டில் முழு வேகத்தில் போகும்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் லீவர் மேல் வைத்திருந்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபட்டு உருளும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்வின் இதைத் தன் எஞ்சின் மேல் போட்ட வழக்காக எடுத்துக்கொண்டான். கேன்டீனில், ரஞ்சித்தும் ஷீபாவும் இருக்கும்போதே, கிளட்ச் மேல் விரல் வைத்துப் பந்தயம் ஓட்டுவது எப்படிப்பட்டது என்று விளக்கினான்.

"மாதா கோயில்ல மோதிரம் மாத்துறப்ப மாப்பிள்ளை ஒரு கையில பைக் சாவியை வச்சுக்கிட்டே நிக்கிறான்னு வச்சுக்க. அது மாதிரி."

ரஞ்சித்தே சிரித்துவிட்டான். ஷீபா டீயைக் குடித்து முடித்து, கிளாசை வைத்துவிட்டு, விரல் தன்னுடையது என்று மட்டும் சொன்னாள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் ஒரு குட்டி யானை மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். தங்கியது ரஞ்சித் வீட்டில்தான். எதிராளியின் எஞ்சினுக்கு வாசலில் இடம் கொடுத்து, அது நனையாமல் படகுத் தார்ப்பாயையும் போட்டு மூடினார் ரஞ்சித்தின் அம்மா சௌந்தரநாயகி. குழம்பில் மீன் துண்டுகளை எல்வின் பக்கமாகவே தள்ளினார். எல்வினால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. இரண்டு கவளத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். தம்பிக்கு வயிறு சரியில்லையோ என்று அந்த அம்மா ஷீபாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

உப்பளத்தைத் தாண்டி இறுகிக் கிடந்த தரிசில் ஊர்ப் பையன்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு வளைவுகளில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். வெயில் ஏறினால் புழுதி கண்ணை மறைக்கும் என்பதால் விடிந்ததும் பந்தயம். தை மாதப் பனி தரையோடு படுத்திருந்தது. கடலிலிருந்து வந்த காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது.

ரஞ்சித் தன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா, எஞ்சினுக்கு ஸ்வெட்டர் போடுறியா?" என்றான் எல்வின்.

குளிருகிறதே, ஒரு சைஸ் பெரிய ஜெட் போடுகிறேன் என்றான் ரஞ்சித், நிமிர்ந்து பார்க்காமல்.

எல்வின் சத்தமாகச் சிரித்தான். சிரிப்பு பாதியில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு ஈடாக எரிபொருள் கூடுதலாக வேண்டும் என்பதைப் போன செமஸ்டரில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். அதற்கும் ஆற்றங்கரை ரோட்டு உச்சிவெயிலில் தான் போட்ட ஜெட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று இதுவரை தோன்றவில்லை. விடைத்தாளில் எழுதிய காற்று வேறு, ஊரில் அடிக்கிற காற்று வேறு என்றே இருந்துவிட்டான்.

கையுறை மாட்டிக்கொண்டிருந்த ஷீபா கேட்டாள்: "நமக்கு?"

சட்டைப் பாக்கெட்டில் பெரிய ஜெட் இருந்தது. மாற்ற நேரமும் இருந்தது. ரஞ்சித் இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மளது டியூன் பண்ணின எஞ்சின்" என்றான் எல்வின். "காத்தைக் கேட்டுக்கிட்டெல்லாம் ஓடாது."

ஷீபா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

கொடி இறங்கியது. ஐந்து வண்டிகளில் எல்வினின் வண்டி மட்டும் புதுத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு போனது. முதல் சுற்றிலேயே ரஞ்சித்தின் புகை பின்தங்கிவிட்டது. எல்வினால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. மணல் மூட்டை மேல் ஏறினான், இறங்கினான், பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான். மூன்றாவது சுற்றில் நேர்க்கோட்டுக்கு வந்தபோது வண்டியின் சத்தம் மெலிந்தது. மெலிந்து, தெளிந்து, இழைந்து, அவன் இதுவரை கேட்காத ஓர் உயரத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், கேளுங்க, கேளுங்க என்றான்.

அவர் கேட்பதற்குள் கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது.

பின்சக்கரம் பூட்டித் தரையில் ஒரு கறுப்புக் கீறலைப் போட்டது. வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தது. உடனே சக்கரம் விடுபட்டு உருண்டது. ஷீபா ஒரு கையை மேலே தூக்கிப் பின்னால் வருபவர்களுக்குக் காட்டியபடி, சத்தமில்லாமல் கோட்டின் ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

எல்வின் ஓடினான். ஓடுகிறபோதே அவன் கண்ணில் பட்டது அவளுடைய இடது கை. வண்டி நின்ற பிறகும் அந்த இரண்டு விரல்கள் லீவரை அழுத்திப் பிடித்தபடியே இருந்தன.

போய்ச் சேர்ந்ததும் அவன் பெட்ரோலைக் குறை சொன்னான். பிறகு பிஸ்டனை. பிறகு வங்காள விரிகுடாவை. ஷீபா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"பெரிய ஜெட் இருந்துச்சா உன்கிட்ட?"

அவன் குனிந்து சைலன்சரைப் பார்த்தான்.

"எங்க இருந்துச்சு?"

எல்வின் பாக்கெட்டைத் தொட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

பந்தயத்தில் ரஞ்சித் இரண்டாவதாக வந்தான், புகையோடு. வந்தவன் தன் ஸ்க்ரூ டிரைவரை எல்வினிடம் நீட்டினான். எல்வின் வாங்கிக்கொண்டு, அவன் கண்ணெதிரிலேயே, பெரிய ஜெட்டைப் போட்டான். எஞ்சின் ஆறியதும் பிஸ்டன் பிடியை விட்டது, கிக்கர் இறங்கியது. நாலாவது உதைக்கு வண்டி உயிர் பிடித்தது. சிலிண்டருக்குள் ஒரு சின்ன உரசல் கேட்டது.

குட்டி யானைக்காரர் கோடியக்கரைக்குக் கருவாடு ஏற்றப் போயிருந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை ஓட்டிப் போக வேண்டும். எல்வின் சாவியை ஷீபாவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

மெதுவாகத்தானே என்றான் எல்வின்.

"உப்பள ரோடு நேராத்தான் போவுது. முழுசாத் திருகு. நான் ஓட்டலாம்னா நீயும் ஓட்டலாம்ல? அங்க போயி நான் நாகப்பட்டினம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சொல்றேன், அடுத்த ரேஸ் யாரு வண்டின்னு."

ரஞ்சித் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை.

எல்வின் ஏறி உட்கார்ந்தான். நான்கு விரல்களையும் கைப்பிடியைச் சுற்றி இறுக்கமாக, ரஞ்சித்துக்குத் தெரிகிற மாதிரியே, மடக்கிக்கொண்டான். ஷீபா பின்னால் ஏறி அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

ரோட்டின் இருபுறமும் உப்புக் குவியல்கள் வெள்ளையாக நகர ஆரம்பித்தன. தோளில் அழுத்தம் கூடியது. அவன் திருகினான். குவியல்கள் ஓடின. இன்னும் திருகினான். ஒவ்வொரு குவியலும் யாரோ வண்டியிலிருந்து விழுந்த இடத்தைக் குறித்து நட்டுவைத்தது போல இருந்தது. அவனுடைய சிலிண்டர், அவனே ராவியது, முழங்காலுக்கு நடுவில் கொதித்தது. காதைக் கொடுத்துக் கேட்டான். சத்தம் மெலிகிறதா? கொஞ்சம் மெலிகிறதோ? காற்றா அது? முழங்காலை அகட்டினான், சேர்த்தான். கழுத்தில் இந்தக் குளிரிலும் வேர்த்தது. பின்னால் அத்தை மகள் மூச்சுவிடுவது தோளில் தெரிந்தது. ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறந்திருந்தது.

ரஞ்சித்தும் மைதானமும் பனிக்குள் எப்போதோ மறைந்திருந்தன. எல்வின் இடது கையின் சுட்டுவிரலைக் கைப்பிடியிலிருந்து மெல்லப் பிரித்து, முன்னால் நீட்டி, கிளட்ச் லீவர் மேல் வைத்தான். ஏதோ விரலுக்குக் காற்று வாங்குவது போலத்தான். சற்றுப் பொறுத்து, துணைக்கு நடுவிரலும் வந்து சேர்ந்தது.

ஷீபாவின் ஹெல்மெட் அவன் தோள் மேலாக எட்டி, கைப்பிடியைப் பார்த்து, பின்னுக்குப் போனது. தோளில் இருந்த பிடி தளர்ந்தது.

"பிஸ்டன் மாத்தணும்டா, அடுத்ததுக்குள்ள" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆமாம் என்றான் எல்வின். எதிரே லாரி வந்தது, பசுமாடு வந்தது, பஸ் ஸ்டாண்டும் வந்தது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்த பிறகும் அந்த இரண்டு விரலும் லீவரை விட்டு இறங்கவில்லை.