எண்பது கன அடித் தண்ணீர்

1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வாரத்தில் மூன்று நாள் பகல் முழுவதும் குழாயில் தண்ணீர் வராது என்று சிங்கப்பூரில் அறிவித்தார்கள். மழை பொய்த்துவிட்டது, நீர்த்தேக்கங்களில் சேறு தெரிகிறது என்றார்கள். ஊரே கவலைப்பட்டது. ஃபேரர் பார்க்கை ஒட்டிய ஒரு சந்தில், மாடியுள்ள பழைய கடைவீடு ஒன்றில் குடியிருந்த பரமசிவம் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். தலைமை தாங்குவதற்கு ஒரு கஷ்டம் கிடைக்காதா என்று அவர் நெடுநாளாகக் காத்துக்கொண்டிருந்தார்.

பரமசிவம் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரர் பினாங்கில் இருந்தார். ஒன்பது குடும்பங்களிடம் வாடகை வாங்கி அவருக்கு அனுப்பிவைப்பதுதான் இவர் பொறுப்பு. பதினோரு வருடம் அதைச் செய்ததில், அஸ்திவாரம் தோண்டி அந்த வீட்டைக் கட்டியதே தாம்தான் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக வருவார். ஒன்றில் மை இருக்கும்.

அதே வீட்டில், கீழ்த்தளத்து முன்னறையில் ரத்தினம்மா குடியிருந்தாள். வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கும் வேலை. கணவன் கோவிந்தசாமி துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் ஓர் இடம் காலியாகப் போவதாகவும், ஆரம்பப்பள்ளிக் கணக்கில் தேறியவர்களுக்கே அது கிடைக்கும் என்றும் ரத்தினம்மா கேள்விப்பட்டாள். பதினெட்டு வருடமாகக் குனிந்து துடைத்த இடுப்புக்கு அந்தச் செய்தி தேனாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கென்று நடந்த வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு நடத்தியவள் இராசமலர். யாழ்ப்பாணத்துப் பெண். வாரநாளில் பள்ளிக்கூட ஆசிரியை, சனிக்கிழமையில் இந்தப் பன்னிரண்டு பெண்களுக்கு. அவள் கையில் இருந்த கணக்குப் புத்தகத்தை எழுதியவர் வாழ்நாளில் கடைத்தெருப் பக்கமே போயிருக்கமாட்டார்.

"ஒரு வியாபாரியிடம் 17.25 கஜம் துணி இருந்தது. அதில் 4.8 கஜத்தை எலி கடித்துவிட்டது. மீதி எவ்வளவு?" என்று இராசமலர் வாசித்தாள்.

"டீச்சர், அந்த எலி கஜக்கோல் வெச்சுக்கிட்டா கடிச்சுச்சு?" என்று ரத்தினம்மா கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. "அக்கா, எலியை விடுங்கோ. நீங்கள் கழியுங்கோ" என்றாள் இராசமலர்.

ரத்தினம்மா கழித்தாள். 17.25க்குக் கீழே கடைசி எண்ணோடு கடைசி எண் ஒட்டும்படி 48 என்று எழுதி, 16.77 என்று விடை கொண்டுவந்தாள்.

"உங்கட எலி பாவம், அரைக் கஜம்கூடத் தின்னேல்லை" என்றாள் இராசமலர். "புள்ளிக்குக் கீழே புள்ளி வரவேணும் அக்கா. பிறகுதான் எண்கள். புள்ளி இடம் மாறினால் எல்லாம் மாறிப்போகும்."

மறுபடி போட்டபோது 12.45 வந்தது. ரத்தினம்மாவுக்கு அன்று முழுவதும் ஒரு பெருமை இருந்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "எலி கடிச்ச துணிய எவன் வாங்கப் போறான்?" என்று கேட்டுவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த பிறகு இராசமலர் எலியையும் வியாபாரியையும் மூடி வைத்தாள். கரும்பலகையில் ஒரு தொட்டி வரைந்தாள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அடி. ஒரு கன அடியில் 6.25 கேலன் தண்ணீர் பிடிக்கும். ஒரு கேலன் தண்ணீர் பத்து பவுண்டு கனம். பெண்கள் முதல்முறையாக எதிர்க்கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் வாளியும் மண்ணெண்ணெய்த் தகரமும் வரிசைகட்டி நின்ற காலம் அது. இந்தக் கணக்கு எதற்கு என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பரமசிவம் ஒரு தொட்டியோடு வந்தார்.

சுங்கை ரோட்டில் பழைய இரும்பு விற்கும் ரவூப்பிடம் பிடித்த தொட்டி அது. ஐந்தடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். ஆறு பேர் லாரியிலிருந்து இறக்கினார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பரமசிவம் பேனாவை எடுத்தார், மையில்லாத பேனா. அதை உள்ளே வைத்துவிட்டு மற்றதை எடுத்து, சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார்.

"அஞ்சு நாலு இருவது. இருவது நாலு எம்பது. எம்பது கேலன். ஒம்பது குடும்பத்துக்கும் தாராளம். மாடி நடையில தூக்கி வெச்சுட்டா குழாய் வழியா தானா கீழ இறங்கும். யாரும் சுமக்க வேணாம்."

"ஐயா, இது கீழ வைக்கிற டேங்க் லா. மேல மரத் தரை, ஜாக்கிரதை" என்றார் ரவூப்.

"உனக்கு விக்கத்தான் தெரியும். வைக்க எனக்குத் தெரியும்" என்றார் பரமசிவம். எல்லாரும் சிரித்தார்கள். வாடகை வாங்குகிறவர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ரத்தினம்மா சிரிக்கவில்லை. அவள் மனம் பெருக்கிக்கொண்டிருந்தது. எண்பதோடு நிற்கவில்லை அது.

"அண்ணே, எம்பது கேலன் இல்ல. எம்பது கன அடி. அத ஆறு புள்ளி ரெண்டு அஞ்சால பெருக்கணும். ஐநூறு கேலன் வருது. ஒரு கேலன் பத்து பவுண்டு. அப்ப அஞ்சாயிரம் பவுண்டு. மரத் தரை தாங்குமா?"

பரமசிவம் அவளைப் பார்த்தார். வாடகை பாக்கி ஏதாவது உண்டா என்று யோசித்தது போலிருந்தது. இல்லை.

"ரத்தினம்மா, கிளாஸுக்குப் போறது நல்லதுதான். நான் வேணாங்கல. ஆனா உன் கணக்கெல்லாம் புளி, மிளகாயோட வெச்சுக்க. போன தீபாவளிக்கு மேல முப்பது பேர் குதிச்சு ஆடினாங்க. தரை என்ன இறங்கிடுச்சா? எண்ணூறு பவுண்டுக்குப் போய் பயப்படுற."

"எண்ணூறு இல்லண்ணே, அஞ்சாயிரம். தொட்டியோட கனம் தனி."

"அந்தப் புள்ளிய எடுத்துட்டுப் பாரு, சரியா வரும்" என்றார் அவர்.

புள்ளியை எடுத்தால் அறுநூற்று இருபத்தைந்தால் பெருக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. ரத்தினம்மா உள்ளே போய்விட்டாள்.

கோவிந்தசாமியிடம் சொன்னாள். அவனும் முதலில், "பெரியவர் பாத்துக்குவாரு" என்றான். அவள் நேர்வழியை விட்டுவிட்டு வேறு வழிக்கு வந்தாள்.

"என்னங்க, ஹார்பர்ல நீங்க தூக்குற அரிசி மூட்டை எவ்வளவு?"

"இருநூறு பவுண்டு இருக்கும்."

"அப்ப நம்ம மாடி நடையில இருபத்தஞ்சு மூட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா?"

கோவிந்தசாமியின் கை சோற்றுத் தட்டில் நின்றுவிட்டது. "எந்த மடையன் அடுக்குவான்?" என்றான்.

"சனிக்கிழமை காலையில அடுக்கப் போறாங்க. ரிப்பன் வெட்டி."

அவன் எழுந்து போய்ப் பரமசிவத்திடம் பேசினான். பொண்டாட்டி பேச்சைக் கேட்கும் ஆண்களைப் பற்றிப் பத்து நிமிடம் அறிவுரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

தொட்டி கயிறு கட்டி மாடிக்கு ஏறியது. அதை வைத்த இடத்துக்கு நேர்கீழே ஒரு தடுப்பறை. அதில் தங்கம் என்ற பெண் இருந்தாள். குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். அவள் கணவன் ஜொகூரில் வேலையாக இருந்தான். கட்டிலை விட்டு எழுந்தால் தொட்டிக்கு அடியில், படுத்தாலும் தொட்டிக்கு அடியில் என்ற நிலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்தினம்மா அவளிடம் போய்ப் பெருக்கிக் காட்டினாள். தங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரமசிவம் ஐயா ஒண்ணும் ஆகாதுன்னாரேக்கா" என்றாள்.

கணக்கு யாரையும் கட்டிலைவிட்டு எழுப்பாது என்று ரத்தினம்மாவுக்குப் புரிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு போனாள். "பிள்ளைக்கு நாளு நல்லா இருக்கு, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விடுறேன். என் ரூமுல வெயில் வருது, வா" என்று பொய் சொன்னாள். தங்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே எழுந்து வந்துவிட்டாள். தொட்டிலையும் துணிகளையும் கோவிந்தசாமி தூக்கி வந்தான்.

ஒன்பது மணிக்குப் பரமசிவம் மாடியில் ரிப்பன் வெட்டினார். ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டார்கள். ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். ரத்தினம்மா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஓர் அடி அளவுகோலைத் தொட்டிக்குள் பிடித்துப் பார்த்தாள். தொட்டியின் அடிப்பரப்பு இருபது சதுர அடி. ஆகவே ஒவ்வோர் அடி தண்ணீருக்கும் 1,250 பவுண்டு ஏறும். எத்தனையாவது பவுண்டில் உத்தரம் முறியும் என்பது அவளுக்குத் தெரியாது. அதை எந்தக் கணக்கும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அந்தத் தெரியாமைதான் அவளை அங்கே நிற்கவைத்தது.

பத்தேகாலுக்கு, எண்பது கேலன் தொட்டி நிரம்பியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. தண்ணீர் இரண்டடிதான் ஏறியிருந்தது.

"குழாயில பிரஷர் கம்மி" என்று பரமசிவம் விளக்கம் கொடுத்தார்.

தண்ணீர் இரண்டரை அடியை நெருங்கியபோது தரைக்கு அடியில் 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள்.

"மரம் பழகுது" என்றார் அவர்.

இரண்டாவது முறையும் மரம் பழகியது. இந்த முறை தொட்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. ரத்தினம்மா ரப்பர் குழாயை வெளியே இழுத்துப் போட்டாள்.

"எல்லாரும் எறங்குங்க! மூவாயிரம் பவுண்டு ஆயிடுச்சு, எறங்குங்க!" என்று கத்தினாள்.

மூவாயிரம் என்ற எண் புரிந்ததோ, அவள் குரல் புரிந்ததோ, எல்லாரும் படியை நோக்கி ஓடினார்கள். முதல் ஆளாகக் கீழே வந்து சேர்ந்தவர் பரமசிவம். பொறுப்புள்ளவர் முன்னால் போய் வழி காட்ட வேண்டும் அல்லவா? கடைசியாக ரத்தினம்மா இறங்கி நடைபாதையில் கால் வைத்தாள். உத்தரம் முறிந்தது. தொட்டி, பலகை, முந்நூறு கேலன் தண்ணீர் எல்லாம் சேர்ந்து தங்கத்தின் கட்டில்மேல் விழுந்தன.

கட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. தொட்டில் இருந்த மூலையில் தொட்டியின் விளிம்பு தரையைக் குத்திக்கொண்டு நின்றது. தங்கம் வந்து அதைப் பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "அக்கா" என்று மட்டும் சொன்னாள். ரத்தினம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். விடை சரியாக வந்ததில் அவளுக்கு ஒரு சொட்டு சந்தோஷமும் இல்லை.

பரமசிவம் ஒரு மணி நேரம் வாசல் பக்கமே வரவில்லை. அந்த வீட்டில் அது ஒரு சாதனை. சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்.

"எனக்குக் காலையிலேயே ஒரு சந்தேகம். அதான் தங்கத்த அப்புறப்படுத்தச் சொன்னேன்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த சந்தில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள். மறுவாரம் ஒரு சங்கக் கூட்டத்தில், விபத்தில் உயிர்காத்த செம்மல் என்று அவருக்கு மாலைகூடப் போட்டார்கள்.

"போய்க் கேக்கவா?" என்று கோவிந்தசாமி பல்லைக் கடித்தான்.

"விடுங்க. மாலை அவருக்கு, பிள்ளை நமக்கு" என்றாள் ரத்தினம்மா.

வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது இராசமலர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கடவுளே! நான் சும்மா பலகையில கீறின தொட்டி அக்கா அது" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனாள்.

நவம்பரில் பரீட்சை வந்தது. ரத்தினம்மா நூற்றுக்கு எழுபத்தொன்று வாங்கினாள். பின்னக் கணக்கில் கொஞ்சம் சறுக்கல். தை பிறந்ததும் துணிக் கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கே குனிய வேண்டியதில்லை. படுக்கை விரிப்புகளை எண்ணி, அளந்து, கிழிந்ததைக் கழித்து எழுத வேண்டும்.

மாடியில் விழுந்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. பினாங்குக்குப் பரமசிவம் எழுதிய கடிதத்தில், 'கரையான் அரித்ததால்' என்று காரணம் சொல்லியிருந்தார். பதில் வரப் பத்து மாதம் ஆனது. அதற்குள் மழை பெய்து, தண்ணீர்க் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். தச்சர் வந்து, தரைக்கு எத்தனை சதுர அடி பலகை வேண்டும் என்று கேட்டார். ஓட்டை ஒழுங்கில்லாமல் உடைந்திருந்ததால் முறிந்த ஓரங்களை நேராக அறுத்துவிட்டிருந்தார். இப்போது அது முக்கோணமாக இருந்தது. ஒரு பக்கம் பத்தடி, அதற்குச் செங்குத்தாக எட்டரை அடி.

பரமசிவம் பேனாவை எடுத்தார். அட்டையில் ஏதோ எழுதினார், அடித்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். வேலை முடிந்து ரத்தினம்மா படியேறி வந்துகொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரத்தினம்மா... எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவ சரிபாத்துடலாம்னு. இது எவ்வளவு வரும்?"

அவள் ஓட்டையை எட்டிப் பார்த்தாள். வேலை கிடைத்த பிறகும் அவள் விடாமல் போய்வந்த வகுப்பில் இப்போது முக்கோணம்தான் நடந்துகொண்டிருந்தது.

"பத்தையும் எட்டரையையும் பெருக்கி அதுல பாதி. நாப்பத்தி ரெண்டு புள்ளி அஞ்சு. வெட்டுறதுல வீணாகும், அம்பதா வாங்குங்கண்ணே. உத்தரம் புதுசா போடுங்க, பழச ஒட்டுப்போடாதீங்க."

"நாப்பத்தி ரெண்டு புள்ளி அஞ்சு" என்று முணுமுணுத்தபடி பரமசிவம் எழுதினார். புள்ளியை இரண்டு முறை அழுத்தி வைத்தார். அட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது.