இழுப்பறையில் இருந்த மண்

"அந்த ஜனவரி சாம்பிள், ரெண்டு பஃபர்லயும் பாத்துட்டுத்தானே போட்டீங்க ஜெஸிந்தா?"

"பாத்துட்டுத்தான் சார் போட்டேன்."

"அப்ப மெஷின் மேல தப்பில்லீங்க. அந்தம்மா சாம்பல் கொட்டுன எடத்துல மண்ணை அள்ளிட்டு வந்திருக்கும். சாம்பல் பட்ட மண்ணு புளிப்பைக் கொறச்சுத்தான் காட்டும்."

ஏகநாதன் சார் அன்றைக்கு அவ்வளவுதான் கேட்டார். இன்னொரு முறை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஜெஸிந்தா ஐந்து மாதமாகக் காத்திருக்கிறாள். அவர் கேட்கவே இல்லை. அவள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

குன்னூரில் அந்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அது முதல் வருடம். கிறிஸ்துமஸ் லீவுக்குச் சொந்த ஊர் ஓவேலிக்குப் போகும் அவசரத்தில், மண்ணின் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடை உப்புக் கரைசலில் வைக்காமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். சுத்தமான தண்ணீர்தானே என்று நினைத்தாள். பத்து நாள் அதில் ஊறிய கண்ணாடி முனை சக்தி இழந்துபோனது. திரும்பி வந்ததும், மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசல்கள் இரண்டில் ஏழாம் எண்ணில் மட்டும் வைத்துப் பார்த்தாள். ஏழு என்று சரியாகக் காட்டியது. நாலாம் எண் பஃபரை யார் புதிதாகக் கலக்குவது என்று விட்டுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அதையும் கலந்து வைத்தபோது, நாலு காட்ட வேண்டிய மீட்டர் ஐந்து புள்ளி இரண்டு காட்டியது. அதற்குள் வெளியே போயிருந்தது ஒரே ஒரு அறிக்கை. சோலூர் வெள்ளியங்கிரியின் முட்டைக்கோஸ் நிலத்துக்கு. 'பி.எச். 5.9. இப்போதைக்குச் சுண்ணாம்பு வேண்டாம்.'

எலக்ட்ரோடை ராத்திரி முழுக்க உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சரிசெய்தாள். மிச்சம் இருந்த அந்த மண்ணை மறுபடி சோதித்தாள். 5.2. சுண்ணாம்பு கட்டாயம் போட வேண்டிய அளவுக்குப் புளிப்பு. யாரிடமும் சொல்லாமல் பொட்டலத்தை மடித்து இழுப்பறையில் வைத்தாள். முட்டைக்கோஸ் எப்படியாவது தேறிவிடும் என்று கர்த்தரிடம் வேண்டிக்கொண்டாள். மே மாதம் வெள்ளியங்கிரி, புளிப்பு மண்ணில் நோய் பிடித்து வேர் முழுக்க வீங்கிய செடிகளைச் சாக்கில் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். அன்றைக்குத்தான் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்று, ஜனவரியில் மண் எடுத்துத் தந்த அவர் மனைவி புஷ்பவல்லி புது மண்ணோடு வந்திருந்தாள். வெள்ளியங்கிரி கேட்டுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தடவை அவரேதான் எடுத்தாருங்க. என்னைய மம்பட்டியத் தொடவே உடலை. 'நீ அடுப்புக்குள்ள இருந்து அள்ளிட்டு வந்துருவே'ங்கறாரு." புஷ்பவல்லி சிரித்தாள். "ஊருக்குள்ள சாம்பக்காரின்னே பேரு வெச்சுட்டாங்க போங்க."

ஜெஸிந்தா எலக்ட்ரோடின் ரப்பர் மூடியைத் திறந்தாள். முனையைக் கழுவி, தேய்க்காமல் காகிதத்தால் ஒற்றினாள். ஏழில் வைத்தாள்; ஏழு. நாலில் வைத்தாள், நாலு. கரைத்து வைத்திருந்த சோலூர் மண்ணில் இறக்கினாள்.

"மொதல்ல இல்லவே இல்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணேனுங்க," என்றாள் புஷ்பவல்லி, குரலைத் தாழ்த்தி. "வெந்நி அடுப்புச் சாம்பலை ரோஜாச் செடிக்குத்தான் போடுவேன். தோட்டத்துப் பக்கம் கொண்டுபோன ஞாபகமே இல்லை. ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. கொட்டியிருப்பனோ என்னமோ. மெஷின் பொய் சொல்லாதில்லீங்களா?"

மீட்டரில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 5.6. 5.4. பிறகு 5.2 என்று நின்றது. நல்ல எலக்ட்ரோடு, கொஞ்சமும் நகரவில்லை. புஷ்பவல்லி எண்ணைப் பார்க்கவில்லை. தான் எதையாவது கொட்டிவிடுவோமோ என்பதுபோல மேஜையிலிருந்து ஓரடி தள்ளி, கைகளைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெஸிந்தா இழுப்பறையைத் திறந்து பழைய பொட்டலத்தை எடுத்தாள். மேலே அவள் கையெழுத்திலேயே ஜனவரித் தேதி. அதைப் புது மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார்," என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.  மறுபடி கூப்பிட்டாள்.

ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றியபடி வந்தார். "என்னங்க, மீட்டர் ஓடுதா?"

"மீட்டர் சரியா இருக்கு சார். கேட் பக்கத்துல நிக்கற இவங்க வீட்டுக்காரரையும் உள்ள வரச் சொல்லுங்க." பொட்டலத்தின் மேல் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. "அன்னிக்கு என்கிட்ட கேட்டீங்கல்ல, ரெண்டு பஃபர்லயும் பாத்தீங்களான்னு. அதை இந்த அக்கா முன்னாடி இன்னொரு தரம் கேளுங்க சார்."