அறுநூறு ரூபாப் படம்

மட்டக்களப்பு ரவுனில் உடுப்புக்கடை வைத்திருக்கிறவர்களுக்கு அஞ்சலாவைக் கண்டாலே மேசைக்குக் கீழே ஒளிக்கத் தோன்றும். வாங்க வந்தவள் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? இவள் சீலையை விரிப்பாள், கரையைத் தடவிப் பார்ப்பாள், மறுகா மெல்லக் கேட்பாள்: "அண்ணன், இது ஆர் செஞ்சது?" அவர் "இந்தியா, மிஸ்" என்பார். "இந்தியாவில ஆர்?" என்பாள். அதுக்கு அந்த மனுசன் எங்கே போய்ப் பதில் தேடுவார், பாவம்!

கேள்வி சும்மா வந்ததில்லை. கலியாணத்துக்கு முந்தி நாலு வருசம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி தைத்தவள் அவள். முழுச் சேர்ட்டைக் கண்டதில்லை, கழுத்துப்பட்டி மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு திரிந்த ஆயிரமாயிரம் பேரில் ஒருத்தராவது "இதை ஆர் தைச்சிருப்பா?" என்று ஒரு நிமிசம் நினைத்திருப்பாரா என்று அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம். அதனால்தான் இப்போது வருசத்துக்கு ரெண்டே ரெண்டு சீலை. அதுவும் வாகரையில் பெண்கள் நெசவு நிலையம் வரைக்கும் பஸ்ஸில் போய், நெய்கிற புஸ்பத்திடமே வாங்குவாள். புஸ்பம் சொன்னதுதான் விலை. ஒரு சதம் குறைத்துக் கேட்கமாட்டாள்.

"ஒரு சீலைக்கு ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸில போறவள் இந்த இலங்கையிலேயே என்ர பெண்சாதி ஒருத்திதான்" என்று அவள் புருசன் அன்ரோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் கைத்தறிச் சீலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு இறங்கினால், சைக்கிளைப் பிடித்தபடி வாய்பார்த்துக்கொண்டு நிற்பான். ஆம்பிளைகளே அப்படித்தான்!

அந்தச் சீலைகளையும் சொல்லத்தான் வேண்டும். வாவியில் விடியக்குள்ள தெரிகிற சாம்பல் நிறத்தில் ஒன்று, அதில் விரல்கடை அகலத்துக்கு மஞ்சள் கரை. எத்தனை தரம் தோய்த்தாலும் நிறம் மங்காது, தோய்க்கத் தோய்க்க உடம்போடு இன்னும் ஒத்துப்போகும். உள்முனையில் புஸ்பம் சிவப்பு நூலால் ஒரு சின்னப் புள்ளி போட்டிருப்பா. அது அவவின் கையெழுத்து. கட்டும்போது அந்தப் புள்ளியை இடுப்பில் செருகிக்கொள்வதில் அஞ்சலாவுக்கு அப்படியொரு சந்தோசம்.

சீலையில் இப்படி என்றால் சுவர் இன்னும் மோசம். கல்லடியில் அவர்கள் இருப்பது ரெண்டு அறை வாடகை வீடு. அதில் ஆணி அடிக்காத இடம் சமைக்கிற குசினி மட்டும்தான். இறால் கூடு தூக்குகிற ஒருவரின் நீர்வர்ணப் படம், மாணவர் கண்காட்சியில் வாங்கியது. பழைய கலண்டரில் வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்ட ஆலமரம். பக்கத்து வீட்டுச் சின்னது கிறேயோனால் கீறின ஊதா நண்டு, அதற்குப் பத்துக் காலுக்குப் பதிலாகப் பதினொன்று. எதுவும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் கொஞ்சநேரம் நிற்பாள். காசிருக்கிறவன்தான் படம் பார்க்கவேணும் என்று சட்டம் ஏதும் இருக்கா?

கடைசியாக வந்த படம்தான் எல்லாத்துக்கும் ராணி. நுண்கலை படிக்கிற டினுஷா என்ற பிள்ளை ஒருநாள் அஞ்சலாவோடு வாகரைக்கு வந்து, புஸ்பத்திடம் கேட்டுவிட்டு, அவ தறியில் இருக்கிறதைப் பார்த்துப் பார்த்துக் கீறினாள். "என்ர மூஞ்சையிலயும் கீறுறதுக்கு என்னடி இருக்கு?" என்று புஸ்பம் வாயைப் பொத்திச் சிரித்தா. பிறகு டினுஷா அதை லினோ என்கிற ரப்பர்மாதிரித் தகட்டில் கத்தியால் செதுக்கி, கறுப்பு மை பூசி, தாளில் அமத்தி, இருபது பிரதி எடுத்தாள். ஒன்று அறுநூறு ரூபா. முதல் பிரதியை வாங்கினது அஞ்சலாதான். கறுப்புச் சட்டம் போட்டு, வாசலால் வருகிறவர்களுக்கு நேரே தெரிகிறமாதிரி மாட்டினாள். அந்தக் குனிந்த கழுத்து, நூலைப் பார்க்கிற அந்தக் கண், தறியில் ஓடம் ஓடக் கயிறு இழுக்கிற கை! பிள்ளை என்னமாய்ச் செதுக்கியிருக்கிறாள்!

புஸ்பம் அதை இன்னும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை கண் கிளினிக்குக்கு ரவுனுக்கு வருகிறன், நீ சொன்ன சீலையையும் கொண்டாறன் என்று அவ சொன்னதும் அஞ்சலாவுக்கு நித்திரையே இல்லை. செய்தவளை நினைக்க ஒருவருமில்லாத வேலையை நாலு வருசம் செய்தவளல்லவா? தனக்குக் கிடைக்காதது புஸ்பக்காவுக்குக் கிடைக்கவேணும். ஒரு தரமாவது அவ தன்னைச் சுவரில் கண்டு பூரிக்கவேணும். அதுதான் அவளுடைய ஆசையெல்லாம்.

வியாழன் காலை குசினிப் பைப் ஒழுகுது என்று வீட்டுச் சொந்தக்காரர் கனகசிங்கத்தாரிடம் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, அஞ்சலா பஸ் நிலையத்துக்குப் போனாள். கிளினிக் முடிந்து புஸ்பத்தையும் கூட்டிக்கொண்டு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தாள். "கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கா, நான் சொல்லக்குள்ள திறங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

"இப்ப திறங்க!"

அஞ்சலாவும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஐயோ கடவுளே!

படத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் மல்லிகை மாலை. மேலே ஒரு சின்னச் சிவப்பு லைற், பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. வயர்கூட ஒழுங்காகக் கிளிப் அடித்துச் சுவரோடு இறக்கியிருக்கிறது. செத்த வீட்டுப் படம் அச்சாக அப்படித்தான் இருக்கும்.

கனகசிங்கத்தார் ஸ்குரூட்றைவரோடு குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார். முப்பது வருசம் கரண்ட் வேலை செய்து பென்சன் எடுத்த மனுசன். முகத்தில் உண்மையான துக்கம்.

"என்ன பிள்ள, உங்கட அம்மா மோசம் போனதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்லையே. கறுப்புச் சட்டத்தைக் கண்டதும் மனசு கேக்கல்ல. மாலையுமில்லாம லைற்றுமில்லாம விடலாமா? என்னால ஏண்டதைச் செஞ்சன்."

அஞ்சலாவின் அம்மா பெரியகல்லாற்றில் கல்லுமாதிரி இருக்கிறா. அன்று காலையிலும் போனில் அரைமணித்தியாலம் ஏசினவ. ஆனால் இப்போது அஞ்சலாவின் கவலை அதுவல்ல. உயிரோடு இருக்கிற மனுசியை வீட்டுக்குக் கூட்டிவந்து அவவின் படத்துக்கே மாலை போட்டுக் காட்டியிருக்கிறாளே! வாகரையில் போய் இதைச் சொன்னால் அவவின் சனம் என்ன சொல்லும்? இனி அந்தத் தறிப் பக்கம் எந்த முகத்தோடு போவது?

"அக்கா... புஸ்பக்கா... சத்தியமா நானில்ல" என்றாள்.

கனகசிங்கத்தார் புஸ்பத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் புஸ்பத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்குரூட்றைவர் கீழே விழுந்தது. "முருகா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, மாலையைக் கழற்ற ஓடினார்.

"நில்லுங்க ஐயா" என்றா புஸ்பம்.

அவ படத்துக்குக் கிட்டப் போனா. கிளினிக்கில் விட்ட மருந்தால் கலங்கின கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தா. வலக்கையைத் தூக்கி, தறியில் கயிறு இழுக்கிறமாதிரி ஒரு தரம் இழுத்துப் பார்த்தா. மறுகா இடக்கையால் இழுத்தா.

"இது நானில்ல பிள்ள" என்றா புஸ்பம். "நான் வலக்கையால இழுக்கிறவள். இது இடக்கை. இது எங்கட நேசக்கா."

"ஆரக்கா நேசக்கா?"

"என்ர மூத்தவ. ரெண்டுபேருக்கும் ஒரே முகவெட்டு, ஒண்டாத்தான் தறி பழகினம். இடக்கையால இழுக்கப்படாது எண்டு மாஸ்ரர் ஏசுவார். அவ கேக்கல்ல. கயிற்றை மாத்திக் கட்டிப்போட்டு என்னை விடச் சுறுக்கா நெய்வா." புஸ்பம் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. "சுனாமியில போனவ. போகக்குள்ள முப்பத்தெட்டு வயசு. வீடும் போய், அல்பமும் போச்சு. ஒரு அடையாள அட்டைப் படம்கூட மிஞ்சல்ல. அவட முகம் எனக்கே மறந்து போச்சுதோ எண்டு இருபது வருசமாப் பயந்துகொண்டு இருக்கன். இருந்தா இப்ப இப்பிடித்தானே இருப்பா. இந்த நரையோட, இந்தக் கன்னத்தோட. பாரன், இப்பிடித்தானே இருப்பா!"

அஞ்சலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிறமாதிரி டினுஷாவுக்குப் போன் போட்டாள். படத்தில் கை மாறிக் கிடக்கு என்று சொல்லி முடிக்கமுதலே அந்தப் பிள்ளை அழுவாரைப்போலச் சொன்னாள்: "ஓம் அக்கா, அது என்ர பிழை. தகட்டில கீறுறது தாளில அமத்தினா இடம் வலமா மாறிப்போகும். முதல்லயே மாத்திக் கீறியிருக்கோணும், மறந்துபோனன். படிப்பிக்கிற சேர் நல்லா ஏசினவர். மற்றப் பிரதியெல்லாம் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு."

"கிடக்கா? எத்தினை கிடக்கு?" புஸ்பம் போனைப் பறிக்காத குறை. "ஒண்டு எனக்குத் தருவியா மகள்?"

அஞ்சலா தன்னுடைய படத்தையே கழற்றினாள். "இதையே கொண்டு போங்கக்கா. சட்டத்தோட கொண்டு போங்க."

"விசரா உனக்கு?" புஸ்பம் அவளுடைய கையைத் தட்டிவிட்டா. "இதைப் பழையபடி மாட்டு. உன்ர வீட்டில நான் இருக்கன், எனக்கு ஒரு குறையுமில்ல. வேற ஆர் எனக்கு இப்பிடி நடுச் சுவரில இடம் தரப்போறாங்க? எனக்கு அக்கா வேணும். அது வேற படம்."

முக்கால் மணித்தியாலத்தில் டினுஷா ஒரு பிரதியோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். புஸ்பம் விடவில்லை. சீலை முடிச்சை அவிழ்த்து அறுநூறு ரூபாயையும் எண்ணி அவளுடைய கைக்குள் வைத்தா. "நீயும் கைவேலை செய்யிறவள்தானே, நானும்தான். சும்மா வாங்கமாட்டன். பிழையெண்டு சொன்ன உன்ர சேருக்குச் சொல்லு, வாகரையில ஒருத்தி இதைக் கும்பிட்டு வாங்கினவ எண்டு."

பிறகு புஸ்பம் அஞ்சலாவின் சுவரிலிருந்த மாலையைத் தன் கையாலேயே கழற்றி, நாலாக மடித்து, புதுச் சீலை கொண்டுவந்த பைக்குள் வைத்தா. கனகசிங்கத்தார் இன்னும் நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் நின்றார்.

"ஐயா" என்றா புஸ்பம், "உந்த லைற்றையும் கழட்டித் தாங்க. வாகரையிலயும் கரண்ட் இருக்கு."