நல்ல நிலையில் உள்ளது

அந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் சமாளி அக்கா. உதவியாளர் வேலை. பெருக்குவது, துடைப்பது, ஊசி போடும்போது குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் பத்தொன்பது வருஷமாக அவள் உண்மையில் செய்துவந்த வேலை வேறு. இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தால் போதும், காலில் சக்கரம் கட்டிக்கொண்டுவிடுவாள். ஒரு கால் ஒடிந்த கட்டிலுக்கு மூன்று செங்கல்லை முட்டுக் கொடுத்து, அது தெரியாதபடி விரிப்பைத் தரைவரை தொங்கவிடுவாள். ஓதம் ஏறிய சுவரில், கொழுகொழு குழந்தை சிரிக்கும் தடுப்பூசி விளம்பரத்தை ஒட்டுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலிகள் வரும். மருந்துக்கடையிலிருந்து எடை பார்க்கும் இயந்திரம் வரும். வந்த அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருடைய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நாற்காலிகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடும்.

இதில் அவள் ஒரு விதியை மட்டும் மீறியதே இல்லை. யார் வந்தாலும் மத்தியானம் இரண்டு மணிக்குள் வழியனுப்பிவிட வேண்டும். இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். நாலு மணிக்குத்தான் திரும்ப வரும். மழையோ வெயிலோ, இதில் ஒரு நாளும் தவறியதில்லை. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் குழாயில் காற்றுதான் வரும்.

பின்பக்கக் கொட்டகையில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அது செத்து நாலு வருஷமாகிறது. அப்போதே நர்ஸ் மாத அறிக்கையில் 'பழுது' என்று நேர்மையாக எழுதினாள். ஏன் பழுதானது, யார் பொறுப்பு, முன்கூட்டியே ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு வரிசையாக மூன்று கடிதங்கள் வந்தன. ஜெனரேட்டர் மட்டும் வரவில்லை. நாலாவது மாதம் நர்ஸ் அலுத்துப்போய் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினாள். கடிதங்கள் நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அதே மூன்று வார்த்தை, கீழே அவள் கையெழுத்து.

சமாளி அக்காவால் சமாளிக்க முடியாத ஒரே இடம் பிரசவ அறை. இருட்டில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பிரசவம் பார்த்த ஒரு மத்தியானத்துக்குப் பிறகு, இனி என்னால் ஆகாது என்று நர்ஸ் அந்த அறையைப் பூட்டிவிட்டாள். காகிதத்தில் அது திறந்தேதான் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேனில் குலுங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அப்படிப் போன ஒருத்தி சமாளி அக்காவின் மகள். பாதி வழியில், பெட்ரோல் பங்க் பக்கத்தில், வேனிலேயே குழந்தை பிறந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வயசாகி, 'பங்க் ராணி' என்ற பட்டத்தோடு தெருவையே ஆட்டிவைக்கிறாள். தாய்தான் போன உயிர் திரும்பி வந்தவள். உதிரம் நிற்காமல், ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். அடுத்த பிரசவத்தில் வழியிலே அரை மணி நேரம்கூட வீணாகக் கூடாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். இப்போது அவளுக்கு ஆறாம் மாசம்.

"என்னை அந்த வேன்ல மட்டும் ஏத்தாதம்மா" என்றாள் மகள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. ஊரையே சமாளித்தவள், மகள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான், பயிற்சிக்காகத் தலைமை அலுவலகம் போயிருந்த நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வியாழக்கிழமை ஒரு மேடம் வர்றாங்க. கிராமத்து சுகாதார நிலையத்துக்கெல்லாம் அரசாங்கம் மானியம் குடுக்குதாம். நமக்குக் கிடைச்சா பிரசவ ரூமுக்கு சோலார், பேட்டரி, தண்ணி டேங்க் எல்லாம் மூணு மாசத்துல வந்துடும். நான் அன்னைக்குக் காலையில வந்துடறேன். நீங்க ஒண்ணு மட்டும்..."

போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, அந்த 'ஒண்ணு மட்டும்' என்னவென்று சமாளி அக்காவுக்குத் தெரியாதா? மானியம் என்றால் பரிசு. பரிசு யாருக்குக் கொடுப்பார்கள்? நன்றாக வைத்திருப்பவர்களுக்கு. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அந்த மூன்று நாளில் அவள் செய்த வேலையைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குத் திரை, வாசலில் பூந்தொட்டி. இதெல்லாம் போதாதென்று, சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் கொழுந்தனைப் பிடித்து, அவருடைய ஜெனரேட்டரைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, ஜன்னல் வழியாக வயரும் இழுத்துவிட்டாள். "ஒருவேளை அந்த மேடம் ரெண்டு மணியைத் தாண்டிட்டா, கரண்ட் போன பத்தாவது செகண்ட் நீங்க போட்டுடணும். புரியுதா?" என்றாள். "எட்டாவது செகண்ட்லயே போடறேன் அண்ணி" என்றார் கொழுந்தன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தூக்கம் போதாத முகம், கையில் ஒரு படிவம். அறை அறையாகப் பார்த்தார். கேள்வி கேட்கவே இல்லை. படிவத்தில் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு டிக்குக்கும் சமாளி அக்காவின் மனசு குளிர்ந்தது.

பஸ் தாமதமாகி, நர்ஸ் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சுற்றிலும் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. சமாளி அக்காவின் கையைப் பிடித்து மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எப்படி இருக்கு சிஸ்டர்?"

"அக்கா, வசதி இல்லாத இடத்துக்குத்தான் இந்த மானியம்! எதையும் தொடாதீங்க, இருக்கறபடியே இருக்கட்டும்னு சொல்ல வந்தேன். போன் செத்துடுச்சு. எல்லாம் நல்லா இருந்தா நமக்கு எதுக்குக் குடுப்பாங்க?"

தன் கையாலேயே மகளின் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டோமே என்று நினைத்தாள் சமாளி அக்கா. "இப்பவே போய்ச் சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

நர்ஸ் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லலாம். ஆனா ஜெனரேட்டர் நல்லா இருக்குன்னு நாலு வருஷமா நான்தானே எழுதிக் குடுத்தேன்? எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்குக்கா. என் வேலை போயிடும்."

நர்ஸின் பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது, மானியத்தையும் விடக் கூடாது. யாரும் வாயைத் திறக்காமல் உண்மை தானாக வெளியே வர வேண்டும். சமாளி அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம். இத்தனை காலமும் ஒவ்வொரு அதிகாரியையும் இரண்டு மணிக்குள் துரத்தியவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரியை இரண்டு மணிவரை பிடித்துவைக்க முடிவு செய்தாள்.

"பிரசவ ரூமைப் பார்த்துட்டா கிளம்பிடுவேன்" என்றார் அதிகாரி.

"சாவி எடுத்துட்டு வர்றேன் மேடம்" என்று போனவள் வெறுங்கையோடு வந்தாள். சாவியைக் காணோம்! மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தார்கள். மருந்து அலமாரியைக் குடைந்தார்கள். நடுவில் டீ வந்தது. டீ ஆறியபின் வேறு டீ வந்தது. பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். நோயாளிகள்கூடக் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். இரண்டு முறை ஹாரன் அடித்த டிரைவரும் கடைசியில் இறங்கி வந்து தேடுவதில் சேர்ந்துகொண்டார். சாவி பாட்டுக்குச் சமாளி அக்காவின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

"விடுங்கம்மா. அறிக்கையில நல்லா இருக்குன்னுதானே இருக்கு. அப்படியே போட்டுக்கறேன்" என்று அதிகாரி பேனாவை எடுத்தபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து.

"கிடைச்சுடுச்சு மேடம்!"

மூவரும் அறைக்குள் போனார்கள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. விரிப்புப் போட்ட கட்டில் பளிச்சென்று இருந்தது. இரண்டு மணி. விசிறி தளர்ந்து நின்றது. விளக்கு அணைந்தது. தடித்த திரைகள் தொங்கிய அந்த அறை கும்மிருட்டானது.

"போச்சு மேடம்!" என்றாள் சமாளி அக்கா. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி இருந்தது குரல். "நாலு மணிக்குத்தான் வரும். தினமும் இப்படித்தான். தண்ணியும் வராது!"

சொல்லி வாய் மூடவில்லை. கொட்டகைப் பக்கம் டக டகவென்று ஒரு சத்தம். விளக்கு குபீரென்று எரிந்தது. விசிறி முன்னைவிட வேகமாகச் சுற்றியது. கொழுந்தன் சொன்ன சொல் தவறாதவர், எட்டாவது செகண்டிலேயே போட்டுவிட்டார். இந்தக் களேபரத்தில் அவரை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

"பரவாயில்லையே" என்ற அதிகாரி, படிவத்தைக் கட்டிலின்மேல் வைத்து ஜெனரேட்டர் என்ற வரியைத் தேடினார்.

சமாளி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் சாமர்த்தியமே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு தந்திரத்துக்காக மனசைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வேனின் பின்சீட்டும், வெளுத்துப்போன மகளின் முகமும்தான் கண்முன் வந்து நின்றன.

"எழுதாதீங்க மேடம்" என்றாள். "அது எங்க ஜெனரேட்டர் இல்ல. என் கொழுந்தனோடது. எங்களுது செத்து நாலு வருஷமாச்சு." குனிந்து விரிப்பைச் சரக்கென்று உருவினாள். கட்டிலுக்கடியில் மூன்று செங்கல்கள் தெரிந்தன. "நாற்காலி பள்ளிக்கூடத்துது. எடை மெஷின் மருந்துக்கடையோடது. அந்தத் தடுப்பூசிப் படத்தைக் கிழிச்சா சுவரே கையோட வரும். எல்லாம் நான் செஞ்சது மேடம். சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்" என்றாள் நர்ஸ். அவள் முன்னால் வந்து நின்றாள். "ஜெனரேட்டர் நல்லா இருக்குன்னு எழுதினது நான்தான் மேடம். பயந்துதான் எழுதினேன்."

அதிகாரி கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அது ஒருமுறை ஆடி அடங்கியது.

"இந்த வாரம் ஒன்பது இடம் பார்த்துட்டேன்" என்றார். "ஒன்பதும் நல்லா இருக்கு. வெள்ளையடிச்ச சுவர், புதுத் திரை. செலவாகாத பணத்தைத் திருப்பி அனுப்பற தேதி நெருங்குது, மானியம் அப்படியே கிடக்கு. நல்லா இல்லைன்னு சொல்ல ஒருத்தருக்காவது வாய் வராதான்னு காத்துட்டிருக்கேன்."

அவர் போட்டிருந்த டிக்குகளை அடித்துவிட்டுத் திருத்தி எழுத ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக எழுதினார். இந்தத் தடவை கேள்வி கேட்டு மாளவில்லை. மாசத்துக்கு எத்தனை பேர் வேனில் போகிறார்கள், வழியில் எத்தனை பேருக்கு ஆபத்தானது, தண்ணீரை எங்கே பிடித்து வைக்கிறீர்கள். பெட்ரோல் பங்க் பக்கத்தில் வேனில் பிறந்த பேத்தியைப் பற்றிச் சமாளி அக்கா சொன்னபோது பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் நர்ஸைப் பார்த்து, "விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வரும். அதை என்னால தடுக்க முடியாது. இன்னைக்கு நீங்களே சொன்னீங்கன்னு நானும் எழுதறேன். வேலைக்கு ஆபத்து வராது" என்றார்.

வண்டியில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். "ஆமா, அந்தச் சாவி எங்க இருந்துது?"

"இடுப்புல மேடம்."

அன்று முதல்முறையாக அந்த அம்மாள் சிரித்தார்.

மெமோ பதினோராம் நாளே வந்துவிட்டது. அந்த மாதிரிக் கடிதங்கள் என்றைக்குத்தான் தாமதமாயின? நர்ஸ் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஏழாவது வாரம் லாரி வந்தது. கூரையில் சோலார் பலகைகள் ஏறின. உயரத்தில் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்தது. நாலு காலும் உள்ள கட்டில் ஒன்றும் வந்தது. செங்கற்களைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தாள் சமாளி அக்கா. தூக்கிப் போட மனசு வரவில்லை.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். வீட்டிலிருந்து நடந்தே வந்தாள், ஆறு நிமிஷத்தில். நர்ஸ் உள்ளே இருந்தாள். பதற்றப்படுவாள் என்று சமாளி அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். பங்க் ராணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கதவையே பார்த்திருந்தாள்.

திடீரென்று எதிரே தையற்கடையில் மெஷின் சத்தம் நின்றது. பக்கத்துக் கடை ரேடியோவும் நின்றது. இரண்டு மணி! பேத்தியை இறக்கிவிட்டு, இடுப்பிலிருந்த டார்ச்சை உருவிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே ஓடினாள்.

அறை முழுக்க வெளிச்சமாக இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"டார்ச்சைக் கீழ வச்சுட்டு அந்தத் துணியை எடுங்கக்கா" என்றாள் நர்ஸ், தலையை நிமிர்த்தாமலே. கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியில் ஒரு பேரன் இருந்தான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. மகள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. அதுவே போதும் என்று நின்ற இடத்திலேயே அழுதாள் சமாளி அக்கா.

மாதக் கடைசியில் நர்ஸ் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். "மின்சாரம், தண்ணீர், கட்டில்..." என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினாள். இந்தத் தடவை அவளுக்குக் கை கூசவில்லை.

பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த சமாளி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"குழாய்னு ஒரு வரி இருக்குமே சிஸ்டர்?"

"இருக்கு. அதுதான் புதுசாச்சேக்கா."

"மூணாவது குழாய் நேத்துலேர்ந்து சொட்டுது. ஒரு துணியைச் சுத்தி வைக்கலாம்னு போனேன், அப்புறம் விட்டுட்டேன்" என்றாள் சமாளி அக்கா. "சொட்டுதுன்னே எழுதுங்க."