அன்பு மட்டும் போதுமா, அம்மா?

ஸ்ரீவத்ஸன் சென்னையில் விளம்பரம் எழுதுகிறவன். ஒரு சத்துமாவு டப்பாவுக்கு அவன் எழுதிய 'அன்பு மட்டும் போதுமா, அம்மா?' என்ற வரி, அந்த வருஷம் தஞ்சாவூரில் கேபிள் டிவி இருந்த வீட்டிலெல்லாம் ஒலித்தது. டாக்டர் கோட்டு மாட்டிய நடிகர் கேட்பார். எதிரே இருக்கும் தாய் தலைகுனிவாள். அந்தத் தலைகுனிவில்தான் டப்பா விற்றது. கம்பெனி அவனுக்குக் கார் கொடுத்தது.

அந்தக் காரில்தான் தங்கை ஹம்சத்வனியின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்று தஞ்சாவூர் வந்தான். அன்னப்பிராசனத்தையும் அதோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்து முதல் வாய் ஊட்ட வேண்டும். குழந்தை கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான், குறும்புக்குக் குறைவில்லை.

குடும்பத்துக்கு மிச்சமிருந்த அரைவேலி நிலத்து அரிசி. நெய் விட்டுப் பிசைந்த சாதம் வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. கூடவே அந்த டப்பாவும் வந்தது. ஒரு கரண்டி கலந்தே ஆகவேண்டும் என்று நின்றாள் ஹம்சத்வனி. அதில் முக்கால்வாசி சர்க்கரை என்று ஸ்ரீவத்ஸனுக்குத் தெரியும். அவன் வீட்டுக்குள் அது நுழைந்ததே இல்லை.

வேண்டாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவளுடைய மாமியார் மங்களாம்பிகை விடுவாளா? பேரன் மெலிந்ததற்குப் பெற்றவளைத் தவிர வேறு காரணம் தெரியாதவள். டாக்டர் குரலிலேயே மருமகளைக் கேட்டாள்: "அன்பு மட்டும் போறுமா, அம்மா?"

கூடமே சிரித்தது. இவள் அண்ணா எழுதினதாக்கும் என்று யாரோ பெருமைப்பட்டார்கள்.

ஹம்சத்வனி தலைகுனிந்தாள். விளம்பரத்தில் வருகிறவள் நடித்தாள், இவள் நடிக்கவில்லை. டப்பாவைத் திறந்துகொண்டே அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தினமும் இதைத்தான் கேக்கறா. பால் பத்தலைன்னு அன்னிக்கு போன்ல அழுதேனே, அப்போ நான் உன்னைக் கேட்டதுதானே அண்ணா இது?"

அதுதான். போனை வைத்த கையோடு எழுதிய வரி.  மடியிலிருந்த குழந்தையின் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

"போறும்," என்றான் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ ஊட்டற சாதமே போறும். டப்பால இருக்கிறது வெறும் சர்க்கரை. கொழந்தைக்கு ஒரு குறையும் இல்லை."

 மங்களாம்பிகைதான் முதலில் சிரித்தாள். "அடுத்த விளம்பரம் ரெடி பண்ணிட்டார், பாருங்கோ. இது எந்தக் கம்பெனிக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்சத்வனி மட்டும் சிரிக்கவில்லை. கரண்டி நிறைய மாவை அள்ளி, அண்ணன் கையிலிருந்த சாதத்தில் போட்டாள்.