சிவப்பு வளையம்

அடிபம்புக்கு நீலம் அடித்திருந்தால் எல்லாரும் குடிக்கலாம். சிவப்பு வளையம் இருந்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி, பெயிண்டரான எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊருக்கு இரண்டு தொண்டு நிறுவனங்கள் கூட்டாக வந்தன. ஒன்று அடிபம்பு போட்டு மேடை கட்டியது, இன்னொன்று தண்ணீரைச் சோதித்தது. சோதனை மேடம் பெண்களைக் கூட்டிவைத்து, வயலுக்குப் போடும் உரம் மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் கலந்திருக்கிறது, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆகாது, காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் நல்லதென்றால் நீலம் அடிப்போம் என்று சொல்லிவிட்டு, பம்பின் வாயைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுவிட்டுப் போனாராம். அப்போது நான் டவுனில் ஒரு நாலு மாடிக் கட்டடத்துச் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே, பம்பு போட்ட நிறுவனத்து ஆபீசர் கூப்பிட்டுவிட்டார். திறப்பு விழா வருகிறதாம்.

"முழுக்க நீலம் அடிச்சிடுப்பா. அதான் எங்க கலர். ரெண்டு ஆபீஸ் சின்னமும் ஒரே அளவுல வரணும். ஒரு விரக்கடை கூடக் குறைய இருந்தாலும் அவங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

"சம்பந்தி வீட்டுப் பந்தி மாதிரில்ல இருக்கு சார்" என்றேன். சிரித்தார்.

பம்பின் வாயில் சிவப்பைப் பார்த்தேன். "இது என்ன சார்?"

"பழைய பெயிண்ட்டா இருக்கும். தேய்ச்சுட்டு அடி."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். லேசில் போகவில்லை. நல்ல பெயிண்ட். அவ்வளவு நல்ல பெயிண்ட்டை எவன் இத்தனூண்டு இடத்துக்கு மட்டும் அடித்தான் என்று ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு பிரஷ்ஷை நனைத்துக்கொண்டேன்.

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், "அடேயப்பா, பம்பு மாப்பிள்ளை மாதிரி நிக்குதே" என்றார்கள். நீலம் வந்துவிட்டது, தண்ணீர் சரியாகிவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

என் தங்கச்சிக்கு அப்போது இரண்டு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பால் சுரக்கவில்லை, பவுடர்தான். புருஷன் வெளியூரில் லாரி ஓட்டினான். குழந்தைக்காக மட்டும் இவள் தினமும் பள்ளிக்கூடத்துக் கிணறு வரை நடந்து ஒரு குடம் கொண்டுவருவாள். விழா முடிந்த அன்று என் தோளில் தட்டினாள்.

"அண்ணே, உன் புண்ணியத்துல எனக்கு நடை மிச்சம்."

பம்பு திறந்துவிட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்து, "காலுக்கு எண்ணெய் போட்டு உக்காரு" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் குழந்தையின் உதடு கறுத்து நீலம் பாய்ந்தது. விரல் நகமும் அப்படியே. ஊர் நர்ஸ் ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லிவிட்டார். வண்டி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது குழந்தை இல்லை.

பத்து நாள் கழித்துச் சோதனை மேடம் வந்தார். பம்பைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. "வளையத்தை யாரு எடுத்தா?"

"எங்க கலரைத்தான் அடிச்சோம். ஒப்பந்தத்துல இருக்கு. வளையத்தைப் பத்தி நீங்க எங்களுக்கு எழுதலையே" என்றார் ஆபீசர்.

"மாசக் கூட்டத்துல சொன்னோமே!"

"அந்தக் கூட்டத்துக்கு நான் வரலம்மா."

கடைசியில், இரண்டு ஆபீசும் பேசி முடிவெடுக்கும்வரை பம்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்கள். நான் வீட்டுக்குப் போய் என் சிவப்பு டின்னை எடுத்துவந்து, அவர்கள் கண் முன்னாலேயே வளையத்தைப் போட்டேன்.

பிரஷ்ஷைத் துடைத்துத் திரும்பினால், இடுப்பில் குடத்தோடு தங்கச்சி நிற்கிறாள்.

"தண்ணி சரியாயிடுச்சுன்னு உன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களாண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழி ஆபீசர் தலையில் விழும், அவளுக்கு ஒரு அண்ணனாவது மிஞ்சியிருப்பான்.

"இல்லம்மா. சிவப்பு இருந்துச்சு. நான்தான் தேய்ச்சேன். எதுக்கு இருக்குன்னு போய்க் கேக்கல."

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கிணற்றுப் பக்கம் நடந்தாள். அந்தத் தண்ணீரைக் குடிக்க இப்போது வீட்டில் யாருமில்லை. இன்றைக்கும் தினம் ஒரு குடம் கொண்டுவருகிறாள். என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டித்தான் போகிறாள்.