இரண்டு இடது இறக்கைகள்

என் மனைவி பல் மருத்துவர். பல்லைக் குடையும் அதே பொறுமையோடு, எட்டு மாதமாகக் கூடத்தில் ஒரு பெரிய ரிமோட் விமானம் செய்துகொண்டிருந்தாள். பெட்ரோல் இஞ்சின் வைத்தது. அதற்காக எங்கள் சோபாவே மொட்டைமாடிக்குப் போய்விட்டது. நான் கத்தாத நாளில்லை. ஆனால் இறக்கைக்குள் அவள் அடுக்கிய மெல்லிய மரத்துண்டுகளில் ஒன்றுகூட மயிரிழை பிசகாது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

என் வாயை அடைக்க எனக்கும் ஒரு வேலை தந்தாள். வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் இருந்தது. வலதுக்குத் தாளைத் திருப்பிப் போட்டுப் படியெடுக்க வேண்டும். நான் திருப்ப மறந்துவிட்டேன். அவளும் என்னை நம்பி அப்படியே செய்துவிட்டாள்.

நேற்று உடலோடு பொருத்திப் பார்த்தபோது இரண்டுமே இடது இறக்கை.

அவள் திட்டவில்லை. வரைபடத்தில் எண்ணெய் தடவினாள். கோடுகள் பின்பக்கம் தெரிந்ததும் அதைத் திருப்பி மேசையில் ஒட்டினாள்.

"விடுங்க. இன்னும் ரெண்டு வலது செஞ்சா ரெண்டு விமானம் ஆச்சு. ஒண்ணு உங்களுக்கு."

நான் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

"அப்போ கட்டிலையும் மாடிக்கு ஏத்திடவா?" என்றேன்.